ஷார்த்ர் பேராலயம்: கதை சொல்வதும் கல் சொல்வதும்

பாரிஸுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டரில், போஸ் சமவெளியின் கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கிறது ஷார்த்ர். ஊர் கண்ணில் படுவதற்கு வெகு முன்பே அதன் பேராலயம் தெரிந்துவிடும். ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டு கோபுரங்கள். தெற்கே இருப்பது 12ஆம் நூற்றாண்டில் கட்டியது. அலங்காரம் அதிகமில்லாமல் நேராக மேலேறும் கல் கூம்பு, ஏறத்தாழ 105 மீட்டர். வடக்குக் கோபுரத்தின் உச்சி 1506இல் இடி விழுந்து எரிந்துபோனது. அந்த இடத்தில் ழான் த போஸ் என்ற தலைமைக் கொத்தனார் நுணுக்கமான செதுக்கு வேலைகளோடு புதிய கூம்பை எழுப்பி 1513இல் முடித்தார். உயரம் 113 மீட்டர். தம் காலத்துப் பாணியில்தான் கட்டினார். பழைய கோபுரத்துக்கு ஜோடி சேர்க்க வேண்டும் என்ற கவலை அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

1979 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கும் இந்தக் கட்டடத்துக்குள் வெறுங்கையோடு நுழைகிறவர்கள் குறைவு. ஊரே பக்திப் பரவசத்தில் கல் சுமந்து கட்டிய கோயில் இது. எளிய தொழிலாளர்கள் காசு சேர்த்து அளித்தவை இந்தச் சன்னல்கள். பெயர் வேண்டாத கலைஞர்களின் கைவேலை. எண்ணூறு ஆண்டுப் புனித இருள். வழிகாட்டி நூல்களும் படங்களும் இப்படிச் சில கதைகளை முன்கூட்டியே நம்மிடம் கொடுத்து அனுப்புகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஓர் ஆதாரம் உண்டு. ஆனால் கட்டடத்தை நிதானமாகப் பார்த்தால், அது அந்தக் கதைகளோடு ஒத்துப்போக மறுப்பதையும் காணலாம்.

கல் சுமந்த கதையிலிருந்து தொடங்கலாம். 1144, 1145ஆம் ஆண்டுகளில் ஷார்த்ர் மக்கள், உயர்குடியினர் உட்பட, எருதுகளைப்போல் வண்டியில் தங்களைப் பூட்டிக்கொண்டு கல்லும் மரமும் தானியமும் இழுத்து வந்தார்கள் என்று நார்மண்டியிலிருந்து எழுதப்பட்ட குறிப்புகள் சொல்கின்றன. ரூவான் நகரப் பேராயர் ஹ்யூ ஆமியான் ஆயருக்கு எழுதிய கடிதத்தில் இது இருக்கிறது. ஹெமோன் என்ற மடாதிபதி இங்கிலாந்தில் இருந்த துறவிகளுக்கு எழுதியதிலும், ரொபேர் த தொரிஞியின் வரலாற்றுக் குறிப்பிலும் இதுபோன்ற செய்திகள் உண்டு. சாட்சியங்களைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அவை பேசுவது மேற்கு முகப்புக் கோபுர வேலையைப் பற்றி. இன்று நாம் உள்ளே நின்று அண்ணாந்து பார்க்கும் கூடம் அரை நூற்றாண்டுக்குப் பிறகு எழுந்தது. அதற்கு வண்டி இழுத்தவர்களைப் பற்றி இப்படியொரு சாட்சியம் இல்லை. பிரபலமான நூல்கள் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிட்டன.

1194 ஜூன் 10ஆம் தேதி பெருந்தீ. ஆயர் ஃபுல்பேர் 1020க்குப் பிறகு கட்டத் தொடங்கிய பழைய பேராலயம் எரிந்தது. நிலவறையும் மேற்கு முகப்பும் மட்டும் மிஞ்சின. ஷார்த்ரின் உயிர்நாடி அங்கே இருந்த திருப்பண்டம்: இயேசுவைப் பெற்றபோது அன்னை மரியா அணிந்திருந்ததாக நம்பப்பட்ட துணி. 876இல் சார்ல்ஸ் அரசர் அளித்தது என்பது மரபு. யாத்ரிகர்கள் தேடி வந்தது இதைத்தான். அது எரிந்துபோயிற்று என்று ஊர் முழுக்க அழுதது. அப்போது அங்கே இருந்த போப்பின் தூதர் கர்தினால் மெலியோர் மக்களைக் கூட்டிப் பேசினார். மூன்று நாள் நிலவறையில் அடைபட்டிருந்த குருக்கள் திருப்பண்டத்தைப் பத்திரமாக வெளியே கொண்டுவந்தார்கள். மாதா தன் பழைய வீட்டை எரியவிட்டது இதைவிட அழகான வீடு வேண்டுமென்றுதான் என்று அந்த நிகழ்வுக்குப் பொருள் சொல்லப்பட்டது.

இந்த வருணனை நமக்குக் கிடைப்பது 1210 வாக்கில் தொகுக்கப்பட்ட மாதாவின் அற்புதங்கள் பற்றிய நூலிலிருந்து. அந்த நூலை ஒரு நிதிக் கோரிக்கையாகவும் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆயரும் பேராலயத்தை நிர்வகித்த குருக்கள் குழுவும் தங்கள் வருமானத்தின் பெரும்பகுதியை மூன்று ஆண்டுகளுக்கு வேலைக்கு ஒதுக்க மெலியோர் சம்மதிக்க வைத்தார் என்கிறது நூல். மூன்று ஆண்டு முடிந்ததும் கையில் காசில்லை, கூலி கொடுக்க வழியில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறது. அற்புதங்கள் தொடங்குவதும் காணிக்கை பெருகுவதும் சரியாக அந்தக் கட்டத்தில்தான். நிதி திரட்டத் திருப்பண்டங்கள் ஊர் ஊராகப் பயணம் போயின. பிரெஞ்சு அரசரோடு போரில் இருந்த இங்கிலாந்து அரசர் ரிச்சர்டுகூடத் தம் நாட்டில் வசூலுக்கு அனுமதித்தார்.

அந்தக் குருக்கள் குழு ஏழையல்ல. போஸ் சமவெளியின் வளமான தானிய நிலங்கள் அவர்களிடம் இருந்தன. மாதாவின் நான்கு திருநாள்களையும் (பிப்ரவரி 2, மார்ச் 25, ஆகஸ்ட் 15, செப்டம்பர் 8) ஒட்டி நடந்த சந்தைகள் பேராலயத்தைச் சுற்றியிருந்த அவர்களின் வளாகத்திலேயே கூடின. அங்கே கடை போட்டால் ஊரை ஆண்ட பிரபுவுக்கு வரி கட்ட வேண்டியதில்லை. மது வியாபாரிகள் நிலவறையின் ஒரு பகுதியிலேயே கடை வைத்திருந்தார்கள். வரி, அதிகாரம், யாருடைய ஆட்கள் யார் என்பதில் பிரபுவின் தரப்புக்கும் குருக்களுக்கும் ஓயாத தகராறு. 1210இல் அது கலவரமாக வெடித்தது. குழுவின் தலைவர் வீட்டை நகர மக்கள் தாக்கினார்கள். குருக்கள் வழிபாட்டை நிறுத்தினார்கள். அரசர் இரண்டாம் ஃபிலிப் தலையிட்டு ஊராருக்கு அபராதம் விதித்தார். அந்த ஆண்டில் பேராலயச் சுவர்கள் மேலே ஏறிக்கொண்டிருந்தன. வண்டி இழுத்தவர்களின் பேரப்பிள்ளைகளில் சிலராவது கல்லெறிந்த கூட்டத்தில் இருந்திருப்பார்கள்.

இத்தனைக்கும் நடுவில் வேலை நடந்த வேகம் வியப்பானது. 1221 தொடக்கத்தில் குருக்கள் புதிய பீடப் பகுதியில் தங்கள் இருக்கைகளில் அமர்ந்துவிட்டார்கள். கட்டடத்தின் முக்கியப் பகுதிகள் எழ இருபத்தைந்து ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ஆயிற்று. பல பேராலயங்கள் நூற்றாண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டு கிடந்த காலம் அது. அர்ச்சிப்பு மட்டும் தாமதமாக, 1260 அக்டோபர் 24 அன்று, அரசர் ஒன்பதாம் லூயியின் முன்னிலையில் நடந்தது. கல் பத்து கிலோமீட்டர் தொலைவுக்குள் இருந்த பெர்ஷேர் சுரங்கத்திலிருந்து வந்தது: கடினமான சுண்ணாம்புக்கல், நுணுக்கமாகச் செதுக்க எளிதல்ல, பாரம் தாங்குவதில் கெட்டி.

சென்னை சாந்தோம் பேராலயத்தையோ புதுச்சேரி திரு இருதய பசிலிக்காவையோ பார்த்தவர்களுக்குக் கூர் வளைவு புதிதல்ல. ஆனால் அவை 19ஆம் நூற்றாண்டு இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்திலும் பழைய பாணியைத் திரும்ப எடுத்துக்கொண்ட கட்டடங்கள். அந்தப் பாணி ஒரு பொறியியல் தீர்வாக முதிர்ந்த இடங்களில் ஒன்று ஷார்த்ர். கூடத்தின் கல் கூரை தரையிலிருந்து 36 மீட்டருக்கு மேல். அதன் பாரம் சுவரை வெளிப்புறமாகத் தள்ளும். முந்தைய தலைமுறைக் கட்டடங்கள் அந்தத் தள்ளலைத் தாங்கப் பக்கவாட்டில் ஒரு மாடியை வைத்தன. மாடி வந்தால் சன்னல் சுருங்கும். ஷார்த்ரின் தலைமைக் கொத்தனார் மாடியை எடுத்துவிட்டு, தள்ளலை வெளியே நிற்கும் கனத்த தூண்களுக்கு அரைவில் முட்டுகள் வழியாகக் கடத்தினார். விடுபட்ட இடம் முழுவதும் கண்ணாடிக்குப் போயிற்று. மேல்வரிசைச் சன்னல்கள் கீழே உள்ள வளைவுகளுக்குச் சமமான உயரம் பெற்றன. ஆமியான் இதே வழியில் 42 மீட்டருக்குப் போனது. போவே 48 மீட்டருக்கு ஆசைப்பட்டு, 1284இல் அங்கே கூரை இடிந்து விழுந்தது.

கட்டி முடித்ததும் கவலை தீர்ந்துவிடவில்லை. 1316இல் பாரிஸிலிருந்து மூன்று வல்லுநர்கள் வந்து கட்டடத்தைச் சோதித்தார்கள்: பியேர் த ஷெல், நிக்கோலா த ஷோம், ழாக் த லோன்ழுமோ. கூரையில் விரிசல், முட்டு வளைவுகளில் பூச்சு உதிர்ந்த இணைப்புகள் என்று பழுதுகளைச் சொல்லி, என்ன செய்ய வேண்டும் என்று அறிக்கை கொடுத்தார்கள். ஷார்த்ரைப் பற்றிய எந்த பக்திக் கதையையும்விட அந்த அறிக்கை எனக்குப் பிடிக்கும். உயரத்தில் ஏறிக் கல் இடுக்கைத் தடவிப் பார்த்தவர்கள் பேசுகிற பேச்சு அது.

இனி சன்னல்கள். ஏறத்தாழ 176 சன்னல்கள். 2,600 சதுர மீட்டர் நிறக்கண்ணாடி. இடைக்காலக் கண்ணாடி இவ்வளவு முழுமையாக மிஞ்சிய இடங்கள் மிகக் குறைவு. மேற்கு முகப்பின் மூன்று நெடுஞ்சன்னல்கள் 1150 வாக்கிலானவை, தீயைத் தாண்டி வந்தவை. தெற்கே பீடத்தை ஒட்டியுள்ள நீல உடை மாதாவின் நடுப்பகுதியும் 12ஆம் நூற்றாண்டுக்குரியது. அந்தக் காலத்து நீலம் கோபால்ட் கலந்த சோடாக் கண்ணாடி. மரச் சாம்பலின் பொட்டாஷில் காய்ச்சிய மற்றக் கண்ணாடிகள் ஈரத்தில் அரித்துப் பழுப்பேற, இது தெளிவு குலையாமல் நின்றது. ஷார்த்ர் நீலத்தின் புகழில் வேதியியலுக்கும் பங்கு உண்டு.

கீழ்வரிசைச் சன்னல்களின் அடியில், பார்வைக்கு எட்டும் உயரத்தில், வேலை செய்யும் மனிதர்கள் இருக்கிறார்கள். நல்ல சமாரியன் கதையின் கீழே செருப்புத் தைப்பவர்கள். நோவா சன்னலில் தச்சர்களும் சக்கரம் செய்பவர்களும். சார்லமான் சன்னலில் தோலாடை விற்பவர் வாடிக்கையாளருக்கு உடையை விரித்துக் காட்டுகிறார். புனித லூபான் சன்னலில் மது. யோசேப்பின் கதைக்குக் கீழே நாணயம் மாற்றுபவர்கள். பீடத்துக்கு நேர் மேலே, ஆலயத்தின் நடுநாயகமான உயர்ந்த சன்னலில் மாதாவின் காலடியில் ரொட்டி சுடுபவர்கள் கூடை நிறைய ரொட்டி கொண்டுவருகிறார்கள். இப்படித் தொழில்கள் இடம்பெறும் சன்னல்கள் நாற்பதுக்குமேல். இவை அந்தந்தத் தொழிற்சங்கம் அளித்த கொடை, படம் அதன் கையெழுத்து என்று நெடுங்காலம் ஆய்வாளர்கள் சொல்லிவந்தார்கள். இன்றும் பல வழிகாட்டிகள் சொல்வது அதுதான்.

1993இல் ஜேன் வெல்ச் வில்லியம்ஸ் இந்த விளக்கத்தை உலுக்கினார். சன்னல்கள் செய்யப்பட்ட காலத்தில் ஷார்த்ரில் இத்தனை தொழில்களுக்கு முறையான சங்கங்கள் இருந்ததற்குச் சான்று இல்லை; குருக்களின் ஆளுகையில் சங்கம் அமைக்கும் உரிமை எளிதில் கிடைக்கவில்லை; கொடையைப் பதிவுசெய்த ஆவணமும் இல்லை என்றார். ரொட்டி, மது, பணம் மூன்றும் மீண்டும் மீண்டும் வருவதை அவர் கவனித்தார். அவை கோயிலுக்குச் செலுத்த வேண்டிய காணிக்கைகளும் கூட. அடங்காத ஊருக்கு, 'தொழிலாளர்கள் மனமுவந்து செலுத்துகிறார்கள் பாருங்கள்' என்று குருக்கள் காட்ட விரும்பிய சித்திரம் இது என்பது அவர் வாதம். 1210 கலவரத்தை நினைத்தால் அது வலுவாகத்தான் தெரிகிறது. எனக்கு முழு உடன்பாடு இல்லை. தோலாடைக்காரரின் கடை, தச்சரின் கோடரி பிடி எல்லாம் அன்றாடத்தை அருகிலிருந்து கண்டவர் வரைந்தவை. பிரச்சாரத்துக்கு இத்தனை நுணுக்கம் தேவையில்லை. ஆனால் சங்கங்கள் காசு சேர்த்த கதையை இனி உறுதிபோலச் சொல்ல முடியாது என்ற அளவில் அவர் வென்றுவிட்டார்.

யார் கொடுத்தார்கள் என்பதில் சந்தேகமே இல்லாத சன்னல்களும் உண்டு, அவை பெரியவர்களுடையவை. வடக்கு வட்டச் சன்னலில் பிரெஞ்சு அரச குலத்தின் லில்லி மலரும், ஒன்பதாம் லூயியின் தாய் பிளான்ஷ் அரசியின் காஸ்தீல் கோட்டைச் சின்னமும் மாறிமாறி வருகின்றன. எதிரே தெற்கு வட்டத்தில் பிரித்தானிப் பிரபு பியேர் மோக்ளேர். கீழே அவரும் மனைவியும் பிள்ளைகளும் மண்டியிட்டிருக்கிறார்கள். இந்த மோக்ளேர் லூயியின் இளமைப் பருவத்தில் பிளான்ஷின் ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சி செய்தவர். அரசியல் பகை ஒரே கூரையின் கீழ் எதிரெதிராக ஒளி வீசுகிறது. மோக்ளேரின் பக்கத்தில்தான் அந்தப் புகழ்பெற்ற காட்சி: நான்கு நற்செய்தியாளர்கள் நான்கு பழைய இறைவாக்கினர்களின் தோள்மீது அமர்ந்திருக்கிறார்கள். பேருருவங்களின் தோளில் நிற்கும் குள்ளர்கள் நாம் என்ற எண்ணம் ஷார்த்ர் பள்ளியின் ஆசிரியர் பெர்னாருடையது என்பதைப் பதிவு செய்தவர் சாலிஸ்பரி ஜான். அவரே 1176 முதல் 1180 வரை இங்கே ஆயராக இருந்தார்.

பெயரில்லாக் கலைஞர்கள் கதைக்கு வருவோம். ஆர்சன் வெல்ஸ் 1973இல் எடுத்த 'எஃப் ஃபார் ஃபேக்' படத்தில் ஷார்த்ரைப் பின்னணியாக வைத்து, கையெழுத்திடாத படைப்பின் பெருமையைப் பேசுகிறார். மயக்கும் காட்சிதான். ஆனால் அக்காலக் கலைஞர்கள் பெயரை வெறுத்தவர்கள் அல்லர். ஆமியான் பேராலயத் தரைச் சுழல்வழியின் நடுக்கல்லில் 1288இல் மூன்று தலைமைக் கொத்தனார்களின் பெயர் பொறிக்கப்பட்டது. ரேம்ஸ் பேராலயச் சுழல்வழியிலும் நான்கு பெயர்கள் இருந்தன. ஷார்த்ரைச் சேர்ந்த கண்ணாடிக் கலைஞர் கிளெமான் ரூவான் பேராலயச் சன்னல் ஒன்றில் தம் பெயரையும் ஊரையும் எழுதி வைத்திருக்கிறார். ஷார்த்ரில் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அதை அடக்கத்துக்குச் சான்றாக்குவது நம் ஆசை.

ஷார்த்ரின் சுழல்வழியும் இப்படி ஓர் ஆசைக்கு ஆளானது. 13ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் தரையில் பதித்தது. குறுக்களவு ஏறத்தாழ 13 மீட்டர். ஓரத்திலிருந்து நடுவரை நடந்தால் 260 மீட்டருக்கு மேல். நடுவில் இருந்த உலோகத் தகடு 1792இல் பெயர்த்து எடுக்கப்பட்டது. அதில் தீசியூஸும் மினோட்டாரும் இருந்ததாக 17ஆம் நூற்றாண்டுக் குறிப்பு சொல்கிறது. ஜெருசலேம் போக முடியாதவர்கள் இதில் முழங்காலில் நகர்ந்தார்கள் என்ற விளக்கத்துக்கு இடைக்காலச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. ஒசேர் பேராலயத்தில் அப்படியொரு சுழல்வழியின்மேல் ஈஸ்டர் நாளில் குருக்கள் பந்தெறிந்து ஆடினார்கள் என்பதற்குத்தான் ஆவணம் இருக்கிறது. தியானத்துக்கு வரும் இன்றைய யாத்ரிகர்களிடம் இதைச் சொன்னால் ரசிக்கமாட்டார்கள். பெரும்பாலான நாள்களில் ஷார்த்ரின் சுழல்வழியை நாற்காலிகள் மறைத்திருக்கும். தவக்காலம் முதல் புனிதர் அனைவர் திருநாள்வரை வெள்ளிக்கிழமைகளில் நடக்கத் திறந்துவிடுகிறார்கள்.

எல்லாவற்றையும்விடக் கடும் சண்டை இருளைப் பற்றியது. நினைவு தெரிந்தவரை ஷார்த்ரின் உட்புறம் கருத்த கல், நடுவில் எரியும் கண்ணாடி. 1898இல் ஹுய்ஸ்மான்ஸ் எழுதிய 'பேராலயம்' நாவல் முதல் எண்ணற்ற எழுத்துகள் அந்த இருளை வழிபட்டிருக்கின்றன. 2009 வாக்கில் தொடங்கிய சீரமைப்பு அதைக் கழுவிவிட்டது. கரிக்குக் கீழே 13ஆம் நூற்றாண்டின் பூச்சு பெருமளவு இருப்பதைக் கண்டார்கள்: வெளிர்ந்த காவி மஞ்சள், அதன்மேல் கல் இணைப்புபோல் வெள்ளைக் கோடுகள். அதை வெளிக்கொண்டுவந்து, இல்லாத இடங்களை நிரப்பினார்கள். 16ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தைச் சேர்ந்த தூண் மாதா சிலை கறுத்த முகத்தோடு வணங்கப்பட்டு வந்தது, அதுவும் வெளுத்தது. 2014இல் அமெரிக்க விமரிசகர் மார்ட்டின் ஃபில்லர் இதைக் கடுமையாகத் தாக்கினார். மேடலின் கேவினஸ், ஜெஃப்ரி ஹாம்பர்கர் போன்ற இடைக்காலக் கலை அறிஞர்கள் சீரமைப்பை ஆதரித்தார்கள்.

இது முதல் தடவையுமல்ல. 1970களில் மேற்குச் சன்னல்களைச் சுத்தம் செய்தபோது, நீலம் செத்துவிட்டது என்று ஓவியர்கள் கொதித்தார்கள். இன்னும் பின்னே போனால், 18ஆம் நூற்றாண்டுக் குருக்களுக்கு இந்த இருள் சகிக்கவில்லை. 1763இல் பீடத்தின் முன்னிருந்த செதுக்குச் சுவரை இடித்தார்கள். பீடப் பகுதியில் சில நிறச் சன்னல்களைக் கழற்றி வெளிர்க் கண்ணாடி போட்டார்கள். பிரிதான் செதுக்கிய மாதாவின் விண்ணேற்புப் பளிங்குச் சிற்பம் 1773இல் வந்து அமர்ந்தது. அதற்கு வெளிச்சம் வேண்டியிருந்தது. மேலே 1836 தீயில் மரக் கூரைச் சட்டகம் முழுதும் போனபின் இரும்புச் சட்டமும் செப்புத் தகடும் ஏறின. 1939இல் சன்னல்கள் கழற்றப்பட்டு நிலவறைக்கும் பிறகு தொலைவிடத்துக்கும் போய்ப் போருக்குப்பின் திரும்பின. 1944 ஆகஸ்ட் 16 அன்று கோபுரத்தில் ஜெர்மானியர்கள் இருப்பதாக நினைத்து அமெரிக்கப் படை குண்டு வீசவிருந்தது. கர்னல் வெல்போர்ன் கிரிஃபித் தாமே உள்ளே சென்று யாரும் இல்லையென்று பார்த்து அதை நிறுத்தினார். அன்றைக்கே அவர் பக்கத்து ஊரில் கொல்லப்பட்டார்.

ஃபில்லரின் கோபத்தில் ஒரு நியாயம் உண்டு. சுவர் வெளுத்தால் கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகிக்கொள்ளும். ஆழ்ந்த நீலம் முன்புபோல் எரியாது. மின்விளக்குகள் அதை இன்னும் மங்கவைக்கின்றன. ஆனால் அவர் காக்க விரும்பிய கறுப்பு மெழுகுவர்த்திப் புகையும் தூசியும்தான், கட்டியவர்கள் நினைத்ததல்ல. சீரமைத்தவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. 13ஆம் நூற்றாண்டுக்குத் திரும்புகிறோம் என்றவர்கள் 18ஆம் நூற்றாண்டுப் பளிங்கை ஏன் மெருகேற்றி அப்படியே வைத்தார்கள்? காவிப் பூச்சு புதிதாக மின்னிய காலத்தில் அந்தப் பளிங்கு இல்லை. பளிங்கு வந்த காலத்தில் பூச்சு மங்கியிருந்தது. வெளியே செப்புக் கூரை, சன்னல்களுக்கு வெளிப்புறம் காப்புக் கண்ணாடி, உள்ளே மின்விளக்கு. இன்று பார்வையாளர் காணும் ஷார்த்ர் இந்தக் கலவையில் எந்த ஆண்டிலும் இருந்ததில்லை. பளிங்கை அகற்றியிருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அகற்றினால் அதுவும் ஓர் அழிப்பு. மூலத்தை மீட்டோம் என்று அறிவிப்பதைக் கைவிட்டு, இது நம் காலத்துத் தேர்வு என்று ஒப்புக்கொண்டிருந்தால் சண்டையில் பாதி குறைந்திருக்கும்.